பெட்டிக்கு ஒரு குரல்

பாடசாலை மண்டபம்,
றொசல்ல.
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் சுதாகரனுக்கு,

அம்மா வேலாயி எழுதிக்கொள்வது. இங்கே நான் நேரத்துக்குச் சாப்பிட்டு, பிரஷர் மருந்தும் குடித்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன். கத்தாரில் நீயும் வயிற்றைக் காயப்போடாமல் இருக்க வேண்டும் என்று மாரியம்மாவை வேண்டிக்கொள்கிறேன்.

போன் எடுத்தால் நீ அழுகிறாய். இல்லாவிட்டால் பெட்டி செய்து தந்த அம்ஹரை ஏசுகிறாய். என்னை ஒரு வார்த்தை பேச விடுகிறாயா? அதனால்தான் கடிதம். மீனம்மாவின் மருமகன் அடுத்த கிழமை அங்கே வருகிறார், அவர் கையில் கொடுத்து விடுகிறேன். எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. ஐந்தாம் வகுப்போடு கொழுந்துக்கூடை மாட்டினவள் எழுத்து இப்படித்தான் இருக்கும்.

அப்பாவின் கருமாதி குறையில்லாமல் முடிந்தது. பாடசாலை திறக்கப் போகிறார்களாம், இங்கே தங்கியிருக்கிற எல்லோரையும் லயத்து அறைகளுக்கே திரும்பிப் போகச் சொல்கிறார்கள். லயத்தில் ஒரு தகரம்கூட அசையவில்லை. மலை மண் சரிந்து இறங்கியது, நானும் அவரும் காலமெல்லாம் விடிந்ததும் போய் வேலைக்குப் பேர் கொடுக்க வரிசையில் நின்ற பெரட்டுக் களத்தின் மேல்தான். போகமாட்டேன் என்று சொல்ல எனக்கு வேறு இடம் ஏது?

அன்றைக்கு நடந்ததை யாரும் உனக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். விடியும் முன்னே, அடைமழையில் மண்சரிவுப் பெட்டி கத்தியது. மலைச்சரிவில் அம்ஹர் நட்டுவைத்த கம்பி சாய்ந்தால் கத்தும் என்று உனக்குத் தெரியும். அது கத்தியதால்தான் லயமே எழும்பி பாடசாலைப் பக்கம் ஓடியது. நான் அப்பாவை உலுக்கி எழுப்பிவிட்டு, பக்கத்து அறைப் பிரேமினியின் கைக்குழந்தையை வாங்கிக்கொண்டு ஓடினேன். அவர் பின்னாலேயே வருகிறார் என்றுதான் நினைத்தேன். பாதை முடக்கில் திரும்பிப் பார்த்தால், மனுஷன் தலையில் கம்பளியைப் போட்டுக்கொண்டு களத்துப் பாதையில் போகிறார். கத்திக் கூப்பிட்டேன். அவர் காதுதான் உனக்குத் தெரியுமே.

எதிரில் ஓடிவந்த சோலைமலை அவர் கையைப் பிடித்து இழுத்திருக்கிறான். அவர் உதறிவிட்டு, "சங்கு ஊதிருச்சுடா, பிந்திப் போனா கண்டாக்கு அரைப்பேரு போட்டுருவாரு" என்றாராம். அரைநாள் சம்பளத்தை வெட்ட அந்த மேற்பார்வைக்காரர் இப்போது எங்கே, பென்சன் எடுத்து எத்தனை வருஷம் ஆகிறது. பெட்டி வந்த புதிதில் அம்ஹர் பகலில் ஒத்திகை வைத்தபோது சிரித்துக்கொண்டே முதல் ஆளாக ஓடியதும் இவர்தான். அரைத் தூக்கத்தில் அந்தச் சத்தம் அவருக்கு ஃபெக்டரி சங்காகத்தான் கேட்டிருக்கிறது. கால் பழகின பக்கம் போய்விட்டது.

பெட்டி இன்னும் லயத்துக் கோடியில்தான் தொங்குகிறது. மழை கனத்தால் இப்போதும் கத்துகிறது, இங்கே மண்டபம் வரை கேட்கும். கேட்டதும் எல்லோரும் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே இருப்பார்கள். நேற்று மீனம்மாவின் வீட்டுக்காரர் தன்னை மறந்து, வேலைக்குக் கிளம்புகிறவர் போலக் கம்பளியைத் தேடினார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு ஒவ்வொரு முறையும் அப்பா போவது தெரிகிறது ராசா. முதுகு மட்டும்தான். கண்ணை மூடினாலும் தெரிகிறது. பயமாகத்தான் இருக்கிறது, உன்னிடம் மறைத்து என்ன செய்ய?

அதைக் கழற்றிவிடட்டுமா என்று அம்ஹர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மலை இன்னும் அடங்கவில்லை.

அம்ஹரைப் பற்றித்தான் எழுத வந்தேன். இரண்டு நாளைக்கு ஒரு தடவை ஹட்டனிலிருந்து எங்களுக்குச் சாப்பிடப் பாண் வாங்கிக்கொண்டு வருகிறார். உள்ளே வரமாட்டார், வாசலில் உட்கார்ந்துவிட்டுப் போவார். போன் திருத்துகிற கடையைத் திறப்பதே இல்லை என்று அவர் மனைவி ஜிப்ரியா சொன்னாள். பாதி செய்த பெட்டிகள் மேசையில் கிடக்கின்றனவாம். கந்தப்பளை, டிக்கோயா என்று எத்தனையோ லயத்துக்காரர்கள் சொல்லிவைத்துவிட்டு இந்த மழையில் காத்திருக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கிற லயத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் போனில் கொலைகாரன் என்கிறார்களாம், மீதிப் பேர் எங்கள் பெட்டி எப்போது வரும் என்கிறார்களாம். இரண்டையும் ஒரே ஆளே சொல்வதும் உண்டாம். போனை அணைத்து அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டார் என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

பெட்டி வருவதற்கு முன்னால் நீ அங்கே பிள்ளைகளோடு சேர்ந்து அவரை நாள் கடத்துகிறவன் என்று எழுதியது எனக்குத் தெரியும். நீயே அப்போது போனில் சொன்னாய்: "வீட்டு ஆளு குரல்ல கூப்பிட்டாத்தான் சரியாம்மா, என்னைய பேசி அனுப்பச் சொல்லி இழுத்தடிக்கிறான். இப்ப இருக்கிற ஊதுற சத்தத்தோடயே குடுன்னுட்டேன்." நானும் சரி என்றுதான் சொன்னேன். மழைக்கு முன்னால் வந்தால் போதும் என்றுதான் எனக்கும் இருந்தது. பெற்றவர்கள் மேல் உள்ள பயத்தில்தான் நீ அவசரப்பட்டாய். அதை உன்னைவிட எனக்குத் தெரியும்.

அப்பா நீ பேசி அனுப்பின குரலைப் போனில் போட்டு நல்ல காதில் வைத்துக் கேட்பார். சத்தம் லயம் முழுக்கக் கேட்கும். நீ சாப்பிட்டாயா என்று கேட்டிருந்தால், இங்கிருந்தே தலையாட்டுவார். பைத்தியம் என்று நான் ஏசுவேன். இப்போது அந்த போன் என்னிடம்தான் இருக்கிறது. போட்டுக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

அம்ஹர் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. குரலைப் பற்றியும் பேசவில்லை. அவரிடம் நீ பேசு, ராசா. மன்னிப்பு எல்லாம் நீங்கள் இருவரும் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டாம். அந்தப் பெட்டிகளை முடிக்கச் சொல்லு. நீ சொன்னால்தான் அவர் மறுபடி மேசையில் உட்காருவார்.

இன்னொன்று. அடுத்த கிழமை நான் லயத்தில் அதே அறைக்குத்தான் போகிறேன். சத்தமில்லாத ஒரு இடமாகப் பார்த்து, உன் குரலைப் பேசி அம்ஹருக்கு அனுப்பு, நம் பெட்டியில் போடட்டும். "எழும்புங்க, ஸ்கூலுக்கு ஓடுங்க" என்று சொன்னால் போதும். அழாமல் சொல்லு. அம்மா என்று மட்டும் கூப்பிடாதே, அப்பாவையும் கூப்பிடு. அவர் இன்னும் களத்துப் பாதையில்தான் போய்க்கொண்டிருக்கிறார்.

நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும், என் தங்கமே.

உன் குரலுக்காகக் காத்திருக்கும்
அம்மா வேலாயி