உன் அம்மா கட்டிய பலகை

என் சரிபாதிக்கு,

நானும் அத்தையும் நலம். உன் இடுப்புவலி எப்படி இருக்கிறது? வார்டில் நின்றுகொண்டே சாப்பிடாதே என்று அத்தை எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

போன வாரம் போனில், அம்மா குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது, உங்கள் இருவருக்கும் ஏதாவது சண்டையா என்று கேட்டாய். சிக்னல் சரியில்லை என்று சொல்லி நழுவினேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. ஒரு மாதத்துக்கும் மேலாக உன்னிடம் மறைத்ததை இப்போது எழுதுகிறேன். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, அந்தத் தைரியத்தில்தான்.

புறவழிச்சாலை திறந்தது உனக்குத் தெரியும். மாநில நெடுஞ்சாலை இனி நம் வீதி வழியாக வராது, ஊருக்கு வெளியே சுற்றிக்கொண்டு போகிறது. சாலை எண்ணையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. நானும் என் ஆட்கள் ஐந்து பேரும் இரண்டு மாதமாக வேறு வேலை பார்க்கவில்லை. பழைய பலகைகளைப் பிடுங்கினோம், புதியதை நட்டோம், கிலோமீட்டர் கற்களில் எண்ணை அழித்து மாற்றி எழுதினோம். நம் வாசலில் இருந்த கல்லையும் நானேதான் கடப்பாரை போட்டுப் பெயர்த்தேன். அத்தை பஞ்சர் கடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

அதன் பிறகு கடையில் ஈதான் ஓட்டினார். முதல் வாரத்தில் வந்தது ஒரே ஒரு சைக்கிள், அதுவும் காற்றடிக்க. தொங்கவிட்டிருந்த டியூப்களை இறக்கித் துடைத்து மறுபடி தொங்கவிடுவார். மறுநாளும் அதேதான். உன் அப்பா போன பிறகு ஒன்பது வருடம் ஒற்றை ஆளாக லாரிச் சக்கரம் வரைக்கும் கழற்றி மாட்டிய கைகள் அவை. பார்க்க மனசு கேட்கவில்லை. ஆனாலும் பார்க்காததுபோல வேலைக்குக் கிளம்பிவிடுவேன். வீட்டோடு மாப்பிள்ளைக்கு வாய் எவ்வளவு நீளம் இருக்கலாமோ, எனக்கும் அவ்வளவுதான்.

அத்தை சும்மா இருக்கிற ஆளா? ஒரு தகரத்தை வெட்டி, சிவப்பு பெயிண்டில் 'பஞ்சர் கடை, இடது பக்கம், 400 மீட்டர்' என்று எழுதி, நம் வீதி பிரிகிற இடத்துக்கு முன்னால் கட்டிவிட்டு வந்துவிட்டார். எழுத்து என் எழுத்தைவிட நன்றாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். கட்டிய இடம்தான் வினை. நான் நட்ட அபாய வளைவுப் பலகையின் மேலேயே கம்பி போட்டு இறுக்கியிருந்தார்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். அதை நான் முதல் நாளே பார்த்தேன். பக்குவமாகச் சொல்லிக் கழற்ற வைக்கலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள் காலையில் சிமெண்ட் ஏற்றி வந்த லாரி ஒன்று வளைவில் திரும்பாமல் நேராகப் போய், முன்சக்கரம் இரண்டும் பள்ளத்தில் இறங்கிவிட்டது. யாருக்கும் அடி இல்லை. ஓட்டுநர் என்னிடம் வந்து, வளைவு இருப்பதே தெரியவில்லை, பஞ்சர் என்பது மட்டும்தான் தெரிந்தது என்றார். அந்த லாரிக்குப் பதில் ஆட்களை ஏற்றி வந்த வேனாக இருந்திருந்தால்?

ஆட்களைச் செய்யச் சொல்லாமல் நானே கம்பியை வெட்டினேன். அத்தை மொபெட்டை நிறுத்திவிட்டு எதிர்ப்பக்கம் நின்றிருந்தார். பள்ளத்தில் கிடந்த லாரியைப் பார்த்தார், தகரத்தைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. பிறகு நிதானமாகச் சொன்னார்:

"எடுங்க மாப்பிள்ளை, தப்பு என்னோடதுதான். ஆனா ரெண்டு நாளா பார்த்துட்டே போனீங்களே, வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அதோடு பேச்சு நின்றது. சாப்பாடு நேரத்துக்கு இருக்கும், மூடி போட்டு. சட்டை துவைத்திருக்கும். பேச்சு மட்டும் சுவரோடுதான். நாளைக்குத் தண்ணீர் வராதாம் என்று சுவரிடம் சொல்வார், நான் குடத்தைப் பிடித்து வைப்பேன். நம் வீட்டுச் சுவருக்கு இவ்வளவு மரியாதை கிடைத்து நான் பார்த்ததில்லை. உன் போன் வரும்போது மட்டும் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து பல்லைக் காட்டுவோம்.

பதினோராம் நாள், எங்கள் என்ஜினியர் மேடம் பலகைகளைப் பார்வையிட வந்தார். நான்தான் கூட்டிப் போனேன். உச்சி வெயிலில், புறவழிச்சாலையின் நட்டநடுவில் ஜீப்புக்கு ஆணி ஏறிவிட்டது. ஸ்டெப்னியை இறக்கினால் அதிலும் காற்றில்லை. திங்கட்கிழமை எல்லாம் சரிபார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டவன் நான். மேடம் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. அந்தப் பக்கம் போனால் இருபத்திரண்டு கிலோமீட்டருக்குப் பஞ்சர் கடை கிடையாது.

வேறு வழி? அத்தைக்குப் போன் செய்தேன். நான் சொன்னதை எல்லாம் கேட்டார், வைத்துவிட்டார். வருவாரா மாட்டாரா, தெரியாது. இருபது நிமிடம் அந்த வெயிலில் மேடத்துக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். மொபெட் சத்தம் கேட்டதும் எனக்கு வந்த நிம்மதி, நம் கல்யாணத்துக்கு நீ சம்மதம் சொன்ன அன்றுகூட வந்ததில்லை. கோபித்துக்கொள்ளாதே.

வந்தவர் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. ஜாக்கியை எடுத்துக் கொடுத்தாலும், அவருக்கு நான் ஒரு வேலிக்கம்பம் போலத்தான். மேடத்தை மட்டும் நிழலில் உட்காரச் சொல்லிவிட்டு, சக்கரத்தைக் கழற்றி, டியூப்பை உருவி, ஒட்டி, கைப்பம்பில் காற்றடித்து மாட்டினார். மேடம் அசந்துபோய், உங்கள் கடை எங்கே அம்மா என்று கேட்டார்.

"பக்கத்துலதான் மேடம். ஆனா அது இருக்குன்னு யாருக்கும் தெரியாது. போர்டு வெச்சேன், இவர் எடுத்துட்டார். எடுத்தது நியாயந்தான். எங்க வெச்சா நியாயம்னு மட்டும் யாரும் சொல்லல."

மேடம் என்னைப் பார்த்தார். யார் இவர் என்று கேட்டார். மாமியார் என்றேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது அவருக்குச் சிரிப்பு. வண்டியில் ஏறி அலுவலகம் போய்ச் சேரும்வரை நிற்கவில்லை.

பிறகு விஷயத்துக்கு வந்தார். நெடுந்தூரம் பழுதுபார்க்கிற இடம் இல்லாத சாலையில், ஸ்பேனர் படம் போட்ட பலகையைத் துறையே வைக்கலாமாம். ஏன் நீ எழுதிக் கேட்கவில்லை என்றார். சொந்தக்காரருக்காக எழுதினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்றேன். மேடம் யோசித்து, பக்கத்துப் பிரிவு ஆளை அனுப்பித் தூரம் அளக்க வைத்து, தன் கையெழுத்திலேயே கோப்பை அனுப்பினார். மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது.

போன வியாழக்கிழமை நானே குழி தோண்டி நட்டேன். வளைவுப் பலகைக்கு நூறு மீட்டர் முன்னால், எதையும் மறைக்காத இடத்தில். அத்தை வந்து கைகட்டி நின்று பார்த்தார்.

"மாப்பிள்ளை, இடது பக்கம் சாயுது."

சாயவில்லை. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்துதான் நட்டிருந்தேன். ஆனால் ஒரு மாதத்துக்குப் பிறகு நேராக என்னிடம் பேசியிருக்கிறாரே! அடியில் ஒரு கல்லை எடுத்துத் திருப்பி வைத்தேன். இப்போது சரி என்றார். இருவரும் ஒரே மொபெட்டில் வீட்டுக்கு வந்தோம். ஓட்டியது அவர்தான். நேற்று மட்டும் கடைக்கு ஒரு காரும் இரண்டு பைக்கும் வந்தன. நான்கூட ஒரு டியூப் ஒட்டினேன், காற்று இறங்குகிறது என்று பிரித்து அவரே மறுபடி ஒட்டினார்.

மருத்துவமனையில் இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொல்வதாகவும், என்ன செய்யட்டும் என்றும் எழுதியிருந்தாய். அத்தையிடம் கேட்டேன். அவள் வேலை அவளுக்குத் தெரியும் என்றார். மறுநாள் காலையில் உன் அலமாரியைத் திறந்து, உன் புடவைகளை எல்லாம் வெயிலில் உலர்த்தி, மடித்து வைத்தார். எதற்கு என்று எனக்குப் புரிந்தது. அதற்காக நீ எங்களை நினைத்துக்கொண்டு முடிவெடுக்காதே. உனக்கு எது நல்லதோ அதைச் செய். நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம்.

ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். இந்த வருடம் வந்தாலும் சரி, அடுத்த வருடம் வந்தாலும் சரி, பஸ் இப்போது நம் வாசலுக்கு வருவதில்லை. புதுச் சந்திப்பில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நீ தனியாக நடக்க வேண்டாம். எந்த பஸ் என்று சொல், போதும். அதற்கு முந்தின பஸ் வரும்போதே நான் அங்கே நிற்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வழி பார்த்திருக்கும்,
உன்னவன்