கொலைகாரனின் பூட்ஸ்

12-8-88, வெள்ளி

கல்யாணத்துக்கு முன் ஸ்ரீவில்லிபுத்தூர் கொட்டகையில் பார்த்த துப்பறியும் படம் வாடகை வீடியோ கேசட்டில் கிடைத்தது. பிரிண்ட் ஒரே மங்கல். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். திரைச்சீலைக்கு அடியில் கொலைகாரனின் வெள்ளை பூட்ஸ் மட்டும் தெரியும். அதை வைத்துத்தான் பிடிபடுவான். அந்த இடம் வந்ததும், "காலைப் பாரு!" என்று மனைவி மைமூனை உலுக்கினேன்.

பூட்ஸை மறைத்துக்கொண்டு, படத்தின் அடியில் எழுத்தாக ஒரு விளம்பரம் ஓடியது.

"ஏங்க, நம்ம செருப்புக் கடைல்லா வருது!" என்றாள்.

கேசட் கடைக்கு ஓடினேன். அவன் கேசட்டுகளில் ஓட்டச் சொல்லி நானே கேட்டுப் போட்ட விளம்பரம்தான். கடைக்காரன் சிரிக்கிறான். "எல்லாரும் கண் இமைக்காமப் பாக்குற எடமாப் பாத்துப் போட்ருக்கேண்ணே. எம்புட்டு நேரம் ஓடுது, பாத்தியளா?"

இனி ராஜபாளையத்தில் யாருக்கும் கொலைகாரனைத் தெரியாது. என் கடையைத் தெரியும்.