ஜன்னலோரம் கடைந்த மோர்

1958 ஏப்ரல் 2
இன்றும் தயிர் தோயவில்லை. ஹாஸ்டலுக்குப் போக வேண்டிய அண்டாக்கள் வெறும் பாலாகத் தளும்பி நிற்கின்றன. பால் கூட்டுறவுச் சங்கச் செயலாளர் தைரியராஜ் ஒரு வாய் சுவைத்துவிட்டு, முக்கொம்புப் பக்கத்து வேலம்மாள் தண்ணீர் கலக்கிறாள் என்று முடிவுகட்டிவிட்டார். தண்ணீர் கலந்தால் லாக்டோமீட்டர் காட்டிவிடும், அதில் சரியாக இருக்கிறதே என்றேன்.

"அதையே ஏமாத்தறவங்க இருக்காங்க டோரதியம்மா."

நாளை முதல் அவள் பால் வேண்டாமாம். எருமைகளை விட்டால் அந்த வீட்டில் வேறு என்ன இருக்கிறது?

ஏப்ரல் 3
வேலம்மாளைக் கேனோடு திருப்பி அனுப்பினார்கள். "நீங்க படிச்சவங்கதானே, நீங்களாவது சொல்லக் கூடாதா?" என்று என்னைக் கேட்டாள். சொன்னேனே. யார் கேட்டது?

ஏப்ரல் 4
அவள் பால் சேரவில்லை. அப்படியும் தோயவில்லை. கேட்டால், பழைய உறைமோரிலேயே அவள் தண்ணீர் இருக்கிறதாம்! இப்படிப் பேசுகிறவரிடம் என்ன பேச?

ஏப்ரல் 7
பெங்களூரில் படித்தபோது சொல்லிக்கொடுத்தது இதுதான் — பாலைத் தோய வைக்கும் பாக்டீரியாவையே கொல்லும் வைரஸ். மோர்த் திவலையோடு காற்றில்கூட வரும். தைரியராஜிடம் விளக்கினேன். "கிருமிக்கே சீக்கா? சரியாப் போச்சு" என்று சிரித்தார்.

முந்தாநாளே பாத்திரங்களை நீராவியில் வைத்தேன். உறை அறையைக் கழுவினேன். புது உறை மறுநாளே செத்தது. எங்கிருந்துதான் வருகிறது?

ஏப்ரல் 9
ஜன்னல்.

ஸ்ரீரங்கம் போகிறவர்களுக்காகச் சங்கம் வைத்த நீர்மோர்ப் பந்தல். நிழலாக இருக்கிறதென்று பந்தல்காரன் காத்தான் என் உறை அறை ஜன்னலடியில்தான் மோர் கடைகிறான். எதை? வீணாக்கக் கூடாதென்று, தோயாத அண்டாப் பாலில் புளித்த மோரைக் கலந்து! நோய் பட்டதையே கடைந்து, அந்தத் திவலை தினமும் என் உறைமேல் —

"தர்மத்துக்குக் கொடுக்கற மோரை விஷம்னு சொல்றீங்களா?" என்றார் தைரியராஜ்.

குடிப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது, உறைக்குத்தான் ஆகாது. எத்தனை தரம் சொல்வது? பந்தலைத் தள்ளிப் போடச் சொன்னதற்கு, நான் வேதக்காரி, பெருமாள் கோயிலுக்குப் போகிறவர்கள்மேல் எனக்கென்ன அக்கறை என்று வெளியே பேச்சு. தைரியராஜும் ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்கு வருகிறவர்தானே. அவரை யாரும் சொல்லவில்லை.

ஏப்ரல் 10
கோபத்தோடு பெங்களூருக்குத் தந்தி அடித்தேன், புது உறை கேட்டு.

ஏப்ரல் 13
பெங்களூரிலிருந்து வந்த புது உறைக் குப்பியைச் சங்கத்துக்குக் கொண்டுபோகவில்லை. எடமலைப்பட்டி புதூரில் என் வீட்டுச் சமையலறையிலேயே வைத்துக்கொண்டேன். பஸ் ஏறி முக்கொம்பு போய் வேலம்மாளிடம் பால் கேட்டேன். ஏன் என்றுகூடக் கேட்காமல் ஊற்றினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. காய்ச்சி, ஆற்றி, உறை ஊற்றியிருக்கிறேன்.

ஏப்ரல் 15
சட்டியைச் சாய்த்தாலும் அசையாத தயிர். அப்படியே எடுத்துப்போய்த் தைரியராஜ் மேஜைமேல் வைத்தேன். விரலால் அழுத்திப் பார்த்தார்.

"நல்ல பாலுங்க. யாரு வீட்டுது?"

சொன்னேன். விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஏப்ரல் 19
பந்தல் எதிர்ப்புறப் புளியமரத்தடிக்குப் போய்விட்டது. ஜனங்களுக்கு அங்கேதான் நிழல் அதிகமாம். இருக்கட்டும். அறையைக் கழுவிப் புது உறை போட்டேன்.

ஏப்ரல் 20
தோய்ந்தது.

ஏப்ரல் 23
சங்கத்திலிருந்து ஆள் அனுப்பியதும் வேலம்மாள் வந்தாள். கேனைத் திறந்து, முதல் ஆழாக்குப் பாலை எல்லார் முன்னாலும் என்னிடம் நீட்டினாள்.

"தண்ணி இருக்கான்னு குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க."

தைரியராஜ் உள்ளே போய்விட்டார்.

காய்ச்சாத பாலைத் தொடாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான். வாங்கிக் குடித்தேன். "இல்லை" என்றேன்.

நாளைக்கும் நீட்டுவாள்.