ஓட்டை விழுந்த வெள்ளரித் துண்டு

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன், டயட்டீஷியனான அவள் பேனா முனை தாளைக் கிழிக்கிற வேகத்தில் கணவருக்கு எழுதி, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள்.

“தினமும் மத்தியானம் நீங்க அனுப்பின சாப்பாட்டு போட்டோவையெல்லாம் நேத்து நோயாளிங்ககிட்ட காட்டி, ‘சர்க்கரை இருந்தும் என் வீட்டுக்காரர் எவ்வளவு கட்டுப்பாடா சாப்பிடுறார் பாருங்க’ன்னு பெருமையடிச்சேன். ஒரு அம்மா கண்ணாடியை ஏத்திவிட்டுப் பார்த்துட்டு, ‘ஏம்மா, எல்லா நாளும் அதே வெள்ளரிக்காத் துண்டு, அதே ஓட்டையா?’ன்னு கேட்டாங்க. கூட்டமே சிரிச்சுது. ஒரே போட்டோவை ஒரு மாசமா அனுப்பி என் காதுல பூ சுத்தியிருக்கீங்க! என் மானம் கப்பலேறிடுச்சு.

துணிக்கு அடியில ஒளிச்சு வச்ச பிஸ்கட் டப்பாவை எடுத்துட்டுப் போறேன், தேடாதீங்க. வேகவச்ச பயறும் காயும் மேல் தட்டுல இருக்கு. சாதம் ஒரு கரண்டிதான். இன்னைக்கு போட்டோ வேண்டாம், சாப்பாட்டு நேரத்துக்கு நானே வர்றேன்.”

செருப்பை மாட்டியவள் திரும்பி வந்து, அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்.

“கால் புண்ணுக்கு மருந்து கட்டில் பக்கத்துல வச்சிருக்கேன். அது இன்னும் ஆறலை. நாளைக்கு டாக்டர் காலைக் காட்டச் சொன்னா, அங்கேயும் பழைய போட்டோவைத்தான் நீட்டுவீங்களா?”