வால் இல்லாத எழுத்து

கடலூர் முதுநகர்
14.9.2008

மரியாதைக்குரிய தில்லையம்மாள் அவர்களுக்கு,

முதலில் என் கையெழுத்துக்காக மன்னித்துக்கொள்ளுங்கள். வரி மேலே ஏறும், திடீரென்று கீழே இறங்கும். ஓர் எழுத்து யானை போலவும் பக்கத்து எழுத்து பூனை போலவும் இருக்கும். பேனாவைக் கடப்பாறை பிடிப்பதுபோல் பிடிக்கிறேன் என்று வளர்கல்வி மையத்தில் சொல்வார்கள். அழுத்தி அழுத்தி எழுதுவதால் தாளின் பின்பக்கமெல்லாம் புடைத்துக்கொண்டு நிற்கிறது. எனக்கு வயது அறுபத்தேழு. எழுதப் படிக்கத் தெரிந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது. துறைமுகத்தில் ஐஸ் கம்பெனி வாட்ச்மேன். பகல் டூட்டி. இந்தக் கடிதத்தை நான்கு நாளாக எழுதுகிறேன்.

‘குளறுவாய்ப் பூதம்’ ஏழாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் இரண்டு வாசகர் கடிதங்களை முகவரியோடு போட்டிருக்கிறார்கள். மேலே இருப்பது உங்களுடையது. கீழே இருப்பது என்னுடையது. அச்சில் என் பெயரை ஆறு தடவை படித்தேன். ஆறு தடவையும் சுப்புராயன் என்றே இருந்தது. என் மனைவி ராஜாமணியிடம் காட்டினால், “கல்யாணம் ஆகி நாப்பது வருஷத்துல எனக்கு ஒரு வரி எழுதல, பூதத்துக்கு எழுதுறியா நீ?” என்கிறாள்.

அந்தப் பூதம் சொன்னது சொன்னபடி நடக்கும், ஆனால் அதற்கு ழ வராது. எனக்கும் வராது. எதிரிப் படை வரும்போது ‘குழி’ என்று சொல்ல வேண்டியவன் ‘குளி’ என்று சொல்லிவிட்டான் பாருங்கள், படை மொத்தமும் வாளைக் கரையில் வைத்துவிட்டு ஆற்றில் இறங்கி முதுகு தேய்த்துக்கொண்டதே! அந்தப் பக்கத்தில் நான் சிரித்த சிரிப்பில் லோடு ஏற்ற வந்தவர்கள் என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார்கள்.

ஆனால் உங்களிடம் எனக்கு ஒரு சண்டை உண்டு. மந்திரவாதி தூங்கவைத்த சொக்கியை எழுப்ப ‘விழி’ என்ற ஒரே சொல் போதும். எட்டாம் பாகத்தில் பூதம் ழ கற்றுக்கொண்டு அதைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். எப்படியம்மா முடியும்? அவன் ‘விளி’ என்றுதான் சொல்வான். மையத்தில் கேட்டேன், விளி என்றால் கூப்பிடு என்று அர்த்தமாம். பூதம் திருந்திவிட்டால் அப்புறம் அது நம்முடைய பூதமா?

பதில் போட்டால் சந்தோஷப்படுவேன்.

இப்படிக்கு,
பா. சுப்புராயன்
(உதவி இல்லாமல் எழுதியது)


சிதம்பரம்
25.9.2008

அன்புள்ள அண்ணனுக்கு,

தில்லையம்மாள் எழுதுகிறேன். உங்களைவிடப் பதினைந்து வயது சின்னவள். அம்மா, அவர்களே எல்லாம் வேண்டாம், தங்கச்சி என்று எழுதினால் போதும்.

நான் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்ததும் வாசித்துக் காட்டலாம் என்று அந்தப் புத்தகத்தை வாங்கினேன். இப்போது பிள்ளைகளைவிட எனக்குத்தான் பைத்தியம் அதிகம். வீட்டில் நான் ஒண்டிக்கட்டை. பக்கத்து வீட்டு ஜான்சி டீச்சர், “இந்த வயசுல பூதம் புக்காக்கா?” என்று கேலி செய்வாள்.

உங்கள் வாதம் எனக்குச் சம்மதமில்லை. ஏழு பாகமாக ஒருவன் தப்பாகவே சொல்லிக்கொண்டிருந்தால் அந்தப் பிள்ளையை யார் எழுப்புவது? அவள் பாவம் இல்லையா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவன் சரியாகச் சொல்லட்டும். பிறகு ஆயுசுக்கும் குளறிக்கொண்டு கிடக்கட்டும்.

கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டிருந்தீர்கள். அண்ணா, எனக்குச் சர்க்கரை கண்ணில் இறங்கிவிட்டது. ஒரு வருடமாக அச்செழுத்து மங்கிக்கொண்டே வருகிறது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத்தான் ஏழாம் பாகத்தை முடித்தேன். உங்கள் கடிதத்தை மட்டும் கண்ணாடி இல்லாமல் படித்தேன். அந்த யானையையும் பூனையையும் அப்படியே விட்டுவிடுங்கள்.

அன்புத் தங்கை,
தில்லையம்மாள்


கடலூர் முதுநகர்
19.10.2008

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை ஐந்து நாள் படித்தேன். கண் விஷயம் படித்ததும் பேனா ஓடவில்லை. டாக்டர் என்ன சொல்கிறார்? புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறதாம், பக்கிரி சொன்னான். பக்கிரி எங்கள் கம்பெனியில் ஐஸ் உடைப்பவன். “என்ன மாமா, பூதம் இந்த வாரம் எதக் கவுத்துச்சி?” என்று தினமும் கேட்பான். படிக்கத் தெரியாது. ஆனால் அவன் என் கட்சி. பூதம் விளி என்றுதான் சொல்லும் என்கிறான்.

இங்கே மூன்று நாளாக விடாமல் மலை பெய்கிறது. தெருவில் முழங்கால் தண்ணீர். காற்று குடிகாட்டுக் கெமிக்கல் கம்பெனிப் பக்கமிருந்து வந்தால் கதவைச் சாத்திவிட்டுத்தான் எழுதுகிறேன், அவ்வளவு நாற்றம்.

தீபாவளிக்கு எட்டாம் பாகம் வருகிறதாம். கடைக்காரரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்,
சுப்புராயன்


சிதம்பரம்
29.10.2008

அன்புள்ள அண்ணனுக்கு,

கடலூரில் மலை பெய்கிறதா? தலையில் எதுவும் விழவில்லையே? முடிந்தால் ஒன்றிரண்டை இந்தப் பக்கம் அனுப்பிவையுங்கள், சிதம்பரத்தில் மலையே கிடையாது. பள்ளிக்கூடத்துச் சத்துணவு அடுப்பு முன்னால் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். ஆயா இருவரும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். திருத்தாதீர்கள் அண்ணா. நம் பூதம் கடிதம் போட்டதுபோல் இருந்தது.

எட்டாம் பாகம் வாங்கிவிட்டேன். கையில்தான் இருக்கிறது. பக்கம் பூராவும் எறும்பு ஊர்கிறது, ஒரு சொல்லும் நிற்கவில்லை. லேசர் வைத்தார்கள். இருப்பதைக் காப்பாற்றத்தான் அது, போனது திரும்பாது என்றார் டாக்டர்.

வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். உங்கள் எழுத்தில் அந்தப் புத்தகத்தை எனக்கு எழுதி அனுப்புவீர்களா? வாரம் ஓர் அத்தியாயம் போதும். எட்டு அத்தியாயம்தான். ஜான்சியை வாசிக்கச் சொல்லலாம், ஆனால் நோயாளிக்குக் கஞ்சி ஊட்டுவதுபோல் வாசிப்பாள். எனக்கு நானே படிக்க வேண்டும். பூதம் விழி என்றானா விளி என்றானா என்று என் கண்ணால் பார்த்துவிட்டால் போதும்.

முடிவை மட்டும் முன்னாடியே சொல்லிவிடாதீர்கள். சொன்னால் பேச மாட்டேன்.

தங்கை,
தில்லையம்மாள்


கடலூர் முதுநகர்
16.11.2008

அன்புள்ள தங்கச்சிக்கு,

மூன்றாம் அத்தியாயம் இத்துடன் இருக்கிறது, பதினெட்டுத் தாள். போன தடவையைவிடப் பெரிதாக எழுதியிருக்கிறேன். ஒரு தாளுக்கு ஆறு வரிதான்.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் முன்னால் போய்ப் படிக்கவில்லை. எழுதி முடித்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்தை ராஜாமணி ஊக்கு குத்தி வைத்திருக்கிறாள். நீ நிற்கும் இடத்தில்தான் நானும் நிற்கிறேன். பூதம் ழ கற்றுக்கொள்ள நாக்கை மடித்து நூல் கட்டிக்கொண்டு திரிகிறதே, உன் கட்சி ஜெயித்துவிடுமோ என்று எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

ஒரு நாளைக்கு மூன்று பக்கம் எழுதினால் விரல் மரத்துப்போகிறது. சின்ன வயதிலேயே படித்திருந்தால் ஒரே ராத்திரியில் மொத்தப் புத்தகத்தையும் எழுதியிருப்பேன். “கைய அறுத்துக்குடுத்தாலும் வேகம் வராது, சோத்தத் துண்ணுட்டு எழுது” என்கிறாள் ராஜாமணி. எண்ணெய் தேய்த்து விடுகிறாள்.

லேசர் வைத்த பிறகு உன் கண் எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை. உன் எழுத்துதான் சொல்கிறது. போன கடிதத்தில் ஒரு வரி இன்னொரு வரியின் மேல் ஏறிக் கிடந்தது.

அண்ணன்,
சுப்புராயன்


சிதம்பரம்
20.12.2008

அன்புள்ள அண்ணனுக்கு,

இது ஜான்சி டீச்சரின் கையெழுத்து. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள்.

புயல் வெள்ளத்தில் பத்து நாள் தபால் இல்லை. நான்காம் அத்தியாயமும் ஐந்தாம் அத்தியாயமும் ஒன்றாக வந்தன. நான்காவதைப் பாதிவரை படித்தேன். பிறகு யானையும் தெரியவில்லை, பூனையும் தெரியவில்லை. வெளிச்சம் மட்டும் தெரிகிறது, பாலாடை மூடியதுபோல். கண்ணுக்குள் ரத்தம் கசிந்துவிட்டதாம். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கையைப் பிடித்துச் சொன்னார் டாக்டர். நல்ல மனிதர்.

மீதியை ஜான்சி வாசித்தாள். அவளைக் குறை சொல்லவில்லை. ஆனால் “மழைக்கு மலைன்னு போட்டிருக்காருக்கா, நான் கரெக்டா படிச்சிடறேன்” என்று எல்லாவற்றையும் திருத்தித் திருத்திப் படிக்கிறாள். பூதம் சொல்வதையும் திருத்திவிடுகிறாள். மலை வந்து விழவே இல்லை. யாரும் குளிக்கவே இல்லை. நான் எங்கே அண்ணா சிரிப்பது?

(அக்கா என்னைத் திட்டுவதை என்னையே எழுதச் சொல்கிறார். எழுதிவிட்டேன். - ஜான்சி)

வேலையையும் விட்டுவிட்டேன். இனி எழுத வேண்டாம் அண்ணா. உங்கள் விரலையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பார்க்க முடியாத ஒருத்திக்காக ஏன் இந்தப் பாடு? இவ்வளவு பெரிய எழுத்தில் எனக்கு இதுவரை யாரும் எழுதியதில்லை. அது போதும்.

தங்கை,
தில்லையம்மாள்


கடலூர் முதுநகர்
4.1.2009

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஜான்சி டீச்சருக்கு வணக்கம். இந்தக் கடிதத்தை எழுதியிருப்பதுபோலவே வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கீழே ஓர் இடத்தில் நிறுத்தச் சொல்வேன். அங்கே நிறுத்திவிடுங்கள்.

தங்கச்சி, நீ வேண்டாம் என்று எழுதியதைப் படித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். ரயில் கிடையாது, தண்டவாளத்தைப் பெயர்த்துப் போட்டிருக்கிறார்கள். பஸ் போர்டை நானே படித்து ஏறினேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், எல்லாம் வழியில் படித்துக்கொண்டே வந்தேன். உன் தெருப் பெயரையும் யாரையும் கேட்காமல் படித்தேன். பையில் எட்டாம் பாகம் இருந்தது. உனக்கு வாசித்துக் காட்டலாம், ழ வராத வாயால் வாசித்தால் நீ சிரிப்பாய் என்று நினைத்திருந்தேன்.

கேட்டுக்கு வெளியே நின்றேன். நீ கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாய். கொடியைப் பிடித்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் தடவித் தடவி எடுத்தாய். கேட் சத்தம் கேட்டு, “யாரு? ஜான்சியா?” என்றாய்.

கேட்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். என் எழுத்துதான் உனக்குத் தெரியும், என் குரல் தெரியாது. யாரோ ஒரு கிழவன் தங்கச்சி என்று கூப்பிட்டால் பயந்துவிடுவாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. உன் எதிரில் நான் அழுதுவிட்டால் என்ன செய்வது? விளி, விளி என்று உன்னோடு மூன்று மாதம் சண்டை போட்டவனுக்கு ஒரு தடவை கூப்பிட முடியவில்லை. திரும்பி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டேன். மன்னித்துவிடு.

வீட்டுக்கு வந்து ராஜாமணியிடம் சொன்னேன். அவள் ஒன்றும் கேலி பேசவில்லை. வெள்ளத்தால் ஆறாம் அத்தியாயத்தில் நின்றுபோயிருந்த புத்தகத்தை எடுத்து ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். கடைசிவரை படித்தேன். வாக்கு மீறிவிட்டேன், அதற்கும் மன்னித்துவிடு.

பூதம் சொன்ன சொல்லை நீயே பார்க்க வேண்டும் என்று கேட்டாய். உன் கண்ணுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு நாள் யோசித்தேன். ராஜாமணியின் பழைய புடவையை நான்காக மடித்துத் தாளுக்கு அடியில் வைத்து, மை தீர்ந்த ரீஃபிலால் அந்தச் சொல்லைக் கையகலத்துக்கு எழுதினேன். கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தேன். தாளின் பின்பக்கம் எழுத்து திரும்பி நிற்கிறது, அது குழப்பமாகத்தான் இருக்கிறது. ஆனால் ழவுக்குக் கீழே ஒரு வால் தொங்கும். ளவுக்கு வால் கிடையாது. வால் இருக்கிறதா இல்லையா என்பது எந்தப் பக்கம் தடவினாலும் தெரிகிறது. பக்கிரியின் கண்ணைக் கட்டித் தடவச் சொன்னேன். எழுத்தே தெரியாத அவனும் சரியாகச் சொன்னான்.

புத்தகத்தோடு ஐந்து தடவை சரிபார்த்துவிட்டேன். இந்த ஓர் இடத்தில் என் பிழை இல்லை.

டீச்சர், இங்கே நிறுத்துங்கள். அடுத்த வரியை வாயால் சொல்ல வேண்டாம். அக்காவின் விரலைப் பிடித்து அதன்மேல் வையுங்கள். கீழ்ப்பக்கம் வால் தேடச் சொல்லுங்கள். அவசரப்படுத்தாதீர்கள்.

விளி

பார்த்தாயா தங்கச்சி? நான் ஜெயித்துவிட்டேன். பக்கிரி பகல் முழுக்க ஐஸ்மேல் ஏறி நின்று ஆடினான். எனக்கு ஆட வரவில்லை. நீ ஜெயித்திருக்கலாம் என்று இருந்தது.

பூதம் சொன்ன சொல்லைக் கேட்டு ஊர் மொத்தமும் சொக்கியைக் கூப்பிட்டது. மாடு, கோழி, கோயில் மணி, ஆற்றில் குளித்த அந்தப் படைகூட வந்து கூப்பிட்டது. அவள் எழுந்தாளா இல்லையா என்பதை இப்போது சொல்ல மாட்டேன். சொல்லிவிட்டால், இனி எழுத வேண்டாம் என்று நீ சொன்னது சரியாகிவிடும்.

டீச்சர் வாசிக்க இரண்டு தாள், நீ தடவ ஒரு சொல். இனிமேல் அப்படித்தான். எந்தச் சொல் என்று இந்த வாரம் முழுக்க யோசிப்பேன். கேட்டில் நின்று உன்னைக் கூப்பிட எப்போது தைரியம் வரும் என்று தெரியவில்லை. அதுவரை என் கைக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். நீ பதில் போட்டாலும் போடாவிட்டாலும் அடுத்த வாரம் எழுதுகிறேன்.

அண்ணன்,
சுப்புராயன்