பன்னிரண்டு பேரின் படிவம்

ஆகஸ்ட் 4, திங்கள்
காலையிலேயே புழுக்கம். கோ-கோ மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு. முதுகு விட்டுப் போயிற்று.

மூன்றாம் பீரியட் பி.டி., ஏழாம் வகுப்பு. கணக்கு சார் சாக்பீஸோடு வாசலில். "டீச்சர், போர்ஷன் முடியல, இன்னிக்கு ஒருநாள் விட்டுக்குடுங்க." ஜூனிலிருந்து இதே ஒருநாள். மனுஷன் என் பீரியடிலேயே குடும்பம் நடத்துகிறார்.

ஹெச்.எம்.மிடம் புகார் சொல்லப் போனேன். அவள் அதற்கு மேல் ஒன்று போட்டாள். சாயங்காலப் பயிற்சி நேரமும் இனி ஸ்போக்கன் இங்கிலீஷுக்காம். "கோ-கோ ஆடி கலெக்டரா ஆவப்போறாளுங்க? நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசட்டும்ங்க."

அவளுக்கே நாலு வார்த்தை வராது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்
இனி அவளோடு பேச்சு இல்லை. எதிரே வந்தாள். கொடிக்கம்பத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

வேலை: புது விசில். டெட்டால், பஞ்சு. ரஹ்மத்தின் வயதுச் சான்று. காரைக்கால் போட்டிக்கு 12 படிவம், வெள்ளிக்குள் ஹெச்.எம். கையெழுத்து. (த்தூ.)

பயிற்சியைக் காலை ஏழுக்கு மாற்றினேன். பன்னிரண்டு பேரும் ஆஜர். ரஹ்மத் நெடுங்காட்டிலிருந்து முதல் பஸ், வெறும் வயிறு. கேப்டன் தமிழரசி எட்டாம் வகுப்பு. அடுத்த வருஷம் வேறு பள்ளிக்கூடம். "கப்பு இல்லாம வரமாட்டோம் டீச்சர்."

ஆகஸ்ட் 6, புதன்
ஆயா சுற்றறிக்கை நோட்டோடு வந்தார். "படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்கம்மா." அவள் எழுதியதை நான் ஏன் படிக்க? ஒரு கிறுக்கல் போட்டுத் தள்ளினேன். இந்தப் பள்ளிக்கூடத்தில் யார்தான் படிக்கிறார்கள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி
படிவங்களை அவள் மேசையில் வைத்தேன். பேசவில்லை. அவளும் பேசாமல் புதன்கிழமை நோட்டைத் திருப்பிக் காட்டினாள். போட்டி முன்கூட்டியே நடக்கிறது, படிவம் வியாழன் மதியத்துக்குள் கல்வி ஆபீசுக்குப் போக வேண்டும். கீழே என் கையெழுத்து.

"பேசமாட்டீங்க, சரி. படிக்கவும் மாட்டீங்களா?"

ஆபீசுக்குப் போன் போட்டேன். கெஞ்சினேன். "லிஸ்ட் முடிஞ்சுடுச்சுங்க."

படிவம் வரவில்லை என்று நேற்றே அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை கேட்டாளா? பாவி. நானும்தான் பாவி.

ஆகஸ்ட் 11, திங்கள்
தூறல். ஏழு மணிக்குப் பன்னிரண்டு பேரும். பனியன் முதுகில் எண் தைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள், சனியன்கள்.

உண்மையைச் சொல்லத்தான் போனேன். வாயில் வந்தது வேறு: "ஹெச்.எம். படிவத்த அனுப்பல."

தமிழரசி கம்பத்தை உதைத்தாள். "அந்தம்மா வெளங்குமா?" ஒருத்தி ஆபீஸ் ரூமைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினாள். நான் தடுக்கவில்லை.

ரஹ்மத் கிட்டே வந்தாள். "நீங்க அழாதீங்க டீச்சர். எங்களுக்காகத்தானே அவங்ககூடப் பேசாமயே இருந்தீங்க."

ஆமாம் என்றேன்.