தாராவியில் தைத்த பனிச்சறுக்கு பூட்ஸ்

காலையில் ஃப்ரிட்ஜைத் துடைத்துக்கொண்டிருந்த மருமகள், மேல்தட்டில் உறைந்திருந்த பனியைச் சுரண்டி விளையாட்டாக என் கையில் கொட்டினாள். விரல் மரத்துப்போகும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன். இதன் மேலா நீ ரயில் வேகத்தில் பாய்ந்தாய், கிறுக்குப் பயலே!

அறுபதுகளில் ஒரு மழைக்கால முடிவில் எங்கள் தாராவித் தோல் பட்டறைக்கு நொண்டிக்கொண்டு வந்தாய். செம்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் உன் அண்ணன் இன்ஜினியர். மலை உச்சியிலிருந்து பனியில் சறுக்கி இறங்கும் வேகப் பந்தயத்தில் உங்கள் நாடான நார்வேக்காகப் போட்டியிட்டவன் நீ. விழுந்து கணுக்கால் முறிந்து, தேறுவதற்காக அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தாய். இனிமேல் பந்தயம் கிடையாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்களாம். அணிக்கு ஆள் எடுக்கும் குளிர்காலத் தேர்வில் இறங்கியே தீருவேன் என்றாய். எலும்பு கூடிய இடம் புடைத்திருந்ததால் தோல் பூட்ஸ் காலில் ஏறவில்லை. அதை அகலப்படுத்தித் தரச் சொன்னாய்.

வாப்பா அகலப்படுத்தினார். அதோடு விட்டாரா? மழைக்காலத்தில் தோலுக்கு எண்ணெய் காட்டுவது எங்கள் பழக்கம். "பலகை மாதிரில்லா இருக்கு! பிள்ளைக்குக் காலு புண்ணாப் போயிரும்லே" என்று மீன் எண்ணெயில் ஊறவிட்டுப் பிசைந்து, துணிபோல் ஆக்கிவைத்தார். நீ மாட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தாய். கணுக்கால் மடங்கியது. அந்த வேகத்தில் பூட்ஸ் வளைந்தால் கால் மறுபடி முறியும் என்று நீ இங்கிலீஷில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். வாப்பா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஆத்திரம் அவர் மேலா, உன் விதி மேலா, தெரியவில்லை. நீதான் முதலில் எழுந்து ஊசியைத் தேடினாய்.

செருப்பின் அடிப்பாகத்துக்குப் போடும் எருமைத் தோலை வெட்டி, கணுக்காலைச் சுற்றி இரட்டையாக வைத்துத் தைத்தோம். பார்க்கச் சகிக்காது. தண்ணீரில் ஊறப்போட்டு, ஈரத்தோடு மாட்டி, காயும்வரை நடந்தால்தான் அது உன் காலின் அச்சைப் பிடிக்கும். அக்டோபர் வெயிலில் சயான் வழியாகச் செம்பூர்வரை நடந்தாய். கூடவே நானும். சுனாபட்டியில் பொடியன்கள் பைத்தியம், பைத்தியம் என்று இந்தியில் கத்திக்கொண்டு பின்னாலேயே வந்தார்கள். திலக் நகர் நெருங்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு காலை இழுத்தாய்.

"கழட்டித் தொலைலே!" என்றேன்.

"வலி எனக்கு. நீ ஏம்லே அழுத?" என்றாய். எல்லாம் அந்தச் சில வாரங்களில் எங்களிடம் கற்ற தமிழ்!

நீ ஊருக்குப் போனபின் வாப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. குளிர்காலத்தில் ஒருநாள் உன் அண்ணன் பட்டறைக்கே வந்தார். நீ தேர்வை முடித்துவிட்டாயாம், அணியில் சேர்த்துக்கொண்டார்களாம். நான் வாப்பாவிடம் ஓடினேன்.

"முதல்லயா வந்தான்?"

"இல்ல வாப்பா. ஒன்பதாவது."

"விழாம, நின்னுக்கிட்டு வந்தானா?"

"நின்னுக்கிட்டுத்தான்."

"அல்ஹம்துலில்லாஹ். அது போதும்லே" என்றவர் அன்று வயிறாரச் சாப்பிட்டார்.

அதன்பின்னும் பல குளிர்காலம் மலையிலிருந்து பாய்ந்தாய். முதலிடம் கடைசிவரை வாய்க்கவில்லை. நீ கண்ணை மூடிய சேதி வந்து ஒரு வருஷமாகிறது. பேரப்பிள்ளைகள் எதை முடித்துவிட்டு வந்தாலும் எத்தனையாவது என்று நான் கேட்பதே இல்லை. இப்போது என் முட்டி இரண்டும் போய்விட்டன. சக்கர நாற்காலி வாங்கலாம் என்கிறான் மகன். வேண்டாம் என்றுவிட்டேன். நீ இருக்கும் இடத்துக்கு நானும் நின்றுகொண்டேதான் வருவேன், இருலே.